போத்துராஜாவுக்குத் தண்ணீர்

கோவிந்து செத்துக்கொண்டிருந்தான்.

மற்ற நாட்களில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் மலையடிவாரத்துப் பாறையில் மல்லாந்து படுத்துச் சாவான். பாறை சுட்டது. சாகிறவன் அடிக்கடி முதுகைத் தூக்கி ஆற்றிக்கொண்டான்.

அவன் தலைக்கு மேலே கருவேல மரத்தில் நீளமான வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நகரி விசைத்தறியிலிருந்து வந்த புதுத் துணி. கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. தேசம்மா என்ற பெண்மணி புது மண்பானையைச் சாய்த்து அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு மிடறு குடித்தான். மலைப்பக்கம் தலையைத் திருப்பினான். கண்ணை மூடினான். பெண்கள் குலவையிட, பம்பை முழங்கியது. செத்தவன் எழுந்து உட்கார்ந்து, யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று கைபேசியை எடுத்துப் பார்த்தான்.

அந்தப் பாறையின் தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அதற்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. கறுப்புப் பெயிண்டில் மீசை மட்டும் வரைந்திருந்தார்கள். சாதாரண மீசை இல்லை, இரண்டு பக்கமும் கல்லைத் தாண்டிப் போகப் பார்க்கிற மீசை.

கூட்டம் அங்கிருந்து நகர்ந்து சற்றுத் தள்ளியிருந்த ஏழு கற்களிடம் போனது. என் பக்கத்தில் நின்ற முனிரத்தினம் குடையை மடக்கினார். திருப்பதியில் நாங்கள் நடத்தும் வரலாற்று ஆர்வலர் மன்றத்துக்கு அவர் தலைவர். நான் செயலாளர்.

“டிராமா ஆயிடுச்சாண்டி? வாங்க, சமாதிங்களை எண்ணுவோம்” என்றார், தெலுங்கு கலந்த தமிழில்.

எண்ணினார். ஏழு. இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் ஏழுதான்.

“அந்த மீசைக் கல்?” என்றேன்.

“அது போத்துராஜா. எல்லா அம்மனுக்கும் காவலுக்கு ஒருத்தன் இருப்பான். அதெல்லாம் கணக்குல வராது.”

அவர் கணக்கில் சேர்க்காத அந்த ஒரு கல்லால், கடல் கடந்து ஒரு வயதான பெண்மணியின் தூக்கம் கெட்டது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உடைந்த வரலாற்றுக்குக் கட்டு

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிபன் ஓட்டலின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். கீழே நெய் தோசை வாசனை வருகிறவரை வரலாறு பேசுவோம். வந்ததும் வரலாறு முடிந்துவிடும்.

எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். முனிரத்தினம் பத்திரப் பதிவில் இருந்தவர். யாருடைய நிலம் யாருக்குப் போனது என்று நாற்பது வருடம் எழுதியவருக்கு, எதையும் யார் பெயருக்கும் எழுதிவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டது. நான் சித்தூரில் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போட்டவன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகும் என்று எழுதினேன். வண்டி தன் இஷ்டப்படி போயிற்று. அந்த ஏமாற்றத்தில்தான் தேதிகள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

நான் எழுதும் இந்தத் தொடரில் தேதிகளைக் குறைத்துக்கொள்ளும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டிருக்கிறார். சோற்றில் கல் கடிப்பது போல இருக்கிறதாம். ஆகவே இந்த வாரம் கல் பொறுக்கிய சோறு போடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். உடைந்த வரலாற்றுக்குக் கட்டுப் போட நாங்கள் இருந்தோம். ஒரு வித்தியாசம், புத்தூரில் எலும்பு கூடும்.

மூக்கைத் தாண்டியவர்கள்

நகரி மலைக்கு ஒரு மூக்கு உண்டு. வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. கடலில் போகிற கப்பல்காரர்களுக்கு அந்த மூக்குதான் கரையின் அடையாளமாக இருந்தது என்று பழைய நூல்களில் படித்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆகாயத்தில் வந்த கப்பலுக்கு அந்த அடையாளம் உதவவில்லை. மழைக்கால மாலை, மேகம். மூக்கைத் தாண்டிப் பக்கத்துக் குன்றில் போய் இடித்தது.

ஆங்கிலேயரின் குண்டுவீச்சு விமானம். உள்ளே எட்டுப் பேர். வெளிநாட்டு ஆவணங்களில் எட்டுப் பெயருக்கு எதிரேயும் ‘காணவில்லை’ என்று இருக்கிறது. ராணுவத்துக்கு அது முடிவான சொல். வீட்டில் இருப்பவர்களுக்கு அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

அது எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதை மன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட செய்தி வெளியானதும் விமானம் பல ஊர்களில் விழத் தொடங்கியது. ஓர் ஊரில் விமான இறக்கை என்று காட்டினார்கள். கரும்பு ஆலையின் தகடு. இன்னோர் ஊரில் இஞ்சின். கழுவிப் பார்த்தால் லாரியின் பின்னச்சு. மூன்றாவது ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் வெடிக்காத குண்டு இருப்பதாகவும், வெகுகாலமாக அதன்மேல் உட்கார்ந்துதான் பல் தேய்ப்பதாகவும் சொன்னார். முனிரத்தினம் தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு என்னை உள்ளே அனுப்பினார். அது ரோடு ரோலரின் உருளை.

தேசம்மாவின் ஊரில் மட்டும் யாரும் எதையும் காட்ட முன்வரவில்லை. கேட்டால் சொன்னார்கள்.

“ஆகாசக் கப்பல்தான? இங்கதான் விழுந்துச்சு. கன்னிமாருங்க அதுலதான வந்தாங்கோ.”

கன்னிமார் கோயில் மணி ஒரு வளைந்த அலுமினியச் சட்டத்தில் தொங்கியது. சட்டத்தில் ஆணி அடித்த வரிசையும் தேய்ந்த எண்களும் இருந்தன. அந்த எண்களை நான் ஆவணத்தோடு ஒப்பிட்டேன். பொருந்தின.

ஏழு கன்னிமார்

விஷயம் இதுதான். இறந்தவர்களைப் புதைத்து ஏழு கல் நட்டார்கள். ஏழு கல் எங்கே வரிசையாக நின்றாலும் எங்கள் பக்கத்தில் அது கன்னிமார்தான். முதலில் மஞ்சள் பூசினார்கள். பிறகு பொட்டு வைத்தார்கள். பிறகு வளையல் போட்டு, தறியில் மிச்சம் விழுந்த துணியில் சின்னச் சின்னச் சேலைகள் கட்டினார்கள். குண்டு போட வந்த ஏழு வெள்ளைக்கார வாலிபர்கள் இன்று பச்சையும் மஞ்சளுமாகச் சேலை கட்டி, பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை தந்துகொண்டிருக்கிறார்கள். எந்த ராணுவத்திலும் இவ்வளவு பெரிய பதவி உயர்வை நான் படித்ததில்லை.

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அறியாமை என்றார். திருப்பதியில் கங்கையம்மன் ஜாத்திரை நடக்கும்போது அவரே சேலையும் ஜடையும் வைத்துக்கொண்டு வேண்டுதல் தீர்த்தவர்தான். எங்கள் ஊரில் ஆண்கள் அம்மனுக்கு முன்னால் சேலை கட்டுவது புதிதல்ல. அதை நினைவூட்டினேன்.

“அது பக்தி, செக்ரட்டரி காரு. இது மூடநம்பிக்கை” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானம் விழுந்த அன்று ஏரி உடைந்து பாதை எல்லாம் தண்ணீர். ஊர்ப் பெரியவர்கள் பட்டாளம் வந்து விசாரிக்கும் என்று பயந்து, செய்தியை வெளியே விடவில்லை. பிணத்தைத் தொட அவர்கள் தயாராக இல்லை. காலனிக்காரர்களைக் கூப்பிட்டு, புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள் வானத்திலிருந்து விழுந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். தேசம்மா அந்தக் காலனிதான். இப்போது திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தெல்லாம் கார் வருகிறது. முதல் மரியாதை எங்களுக்குத்தான் என்று ஊர்ப் பெரியவர்களின் பேரன்கள் கிளம்பியிருக்கிறார்கள். பிணத்தைத் தொடப் பயந்த ஊர், சாமியைத் தொட முந்துகிறது.

எட்டில் ஏழு போனால்

டிபன் ஓட்டல் மாடியில் முனிரத்தினம் எழுந்து நின்றார்.

“வந்தது எட்டுப் பேர். சமாதி ஏழு. எட்டுல ஏழு போனா?”

“ஒண்ணு” என்றார்கள் உறுப்பினர்கள், பள்ளிக்கூடத்தில் போல.

“அந்த ஒண்ணு எங்கே?”

யாருக்கும் தெரியவில்லை. முனிரத்தினத்துக்குத் தெரிந்திருந்தது. காளஹஸ்தியில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் பெயர் தெரியாத ஒரு சாமியாரின் சமாதி இருக்கிறது. சிவந்த மேனி. யாரிடமும் பேசியதில்லை. பேசாததால் அவர் ஆங்கிலேயர் என்பது உறுதியாயிற்று. பேசாத சாமியார் எந்த மொழிக்கும் பொருந்துவார்.

அடுத்த மாதத்துக்குள் எட்டாவது ஆளின் வரலாறு முழுமையாகிவிட்டது. போரை வெறுத்துத் தப்பினார், திருமலைக்கு நடந்து ஏறினார், ஞானம் பெற்றார், காளஹஸ்தியில் அடங்கினார். லாட்ஜ் முதலாளி ஒருவர், தம் அப்பா அவருக்கு மோர் கொடுத்ததாகச் சாட்சி சொன்னார். கலம்காரித் துணியில் ஓவியம் எழுதி வாங்கினார்கள். அதில் விமானம் அன்னப்பறவை போல இருந்தது. தெலுங்கு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது. முனிரத்தினம் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார். சமாதிக்கு முன்னால் உண்டியல் வந்தது.

நான் என் வழக்கப்படி தேதிகளைப் பார்த்தேன். போர் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சாமியார் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். மோர் கொடுத்த அப்பாவோ அப்போது பிறக்கவே இல்லை. சபையில் சொன்னேன்.

“யோகிகளுக்குக் காலம் கிடையாதுங்க” என்றார் தலைவர்.

கைதட்டினார்கள். கீழே இருந்து நெய் வாசனை வந்தது.

ஒரு கேள்வி

அந்த வீடியோவை இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் டோரதி என்பவர் பார்த்தார். எண்பதைத் தாண்டியவர். எட்டுப் பேரில் ஒருவரின் மகள். அப்பா புறப்பட்டபோது இவர் பிறக்கவில்லை. மன்றத்துக்கு எழுதினார். தலைவர் உடனே பதில் அனுப்பினார்: வாழ்த்துகள், உங்கள் தந்தையார் மகா யோகி.

வாழ்த்துக்கு நன்றி சொல்லாமல், டோரதி அடுத்த முறை செயலாளருக்கு எழுதினார். மரியாதையான, சுருக்கமான ஆங்கிலம். அம்மாவை மறுமணம் செய்துகொள்ள இரண்டு பேர் கேட்டார்களாம். இரண்டு பேரையும் அம்மா மறுத்துவிட்டாராம். காணவில்லை என்றுதானே சொன்னார்கள், இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லையே என்று காத்திருந்தே போய்ச் சேர்ந்தாராம். “எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்” என்று எழுதியிருந்தார். “அப்பாவால் வர முடியவில்லையா, வர மனமில்லையா?”

சபையில் இதைப் படித்துக் காட்டினேன். ஒருவர், சமாதி மண்டபத் திறப்பு விழாவுக்கு அந்த அம்மாவையே அழைத்து மாலை போடலாம் என்றார். தீர்மானம் நிறைவேறியது.

காளஹஸ்திக் கதை பொய் என்று டோரதிக்கு நான் எழுதினேன். ஆனால் எட்டில் ஏழு போனால் ஒன்று என்பது பொய் இல்லையே. அப்படியானால் எட்டாவது ஆள் எங்கே என்று கேட்டார். கூடவே ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். விமானத்துக்கு முன்னால் எட்டுப் பேர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பையன்கள். ஏழு பேருக்கு மழமழவென்ற முகம். கோடியில் நிற்கிறவர் மட்டும் மீசை வைத்திருந்தார். முறுக்கி, மெழுகு போட்டு, முகத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீசை.

அவர்தான் அப்பா. அந்த மீசை அம்மாவுக்குப் பிடிக்காதாம்.

அந்த மீசையை நான் எங்கோ பார்த்திருந்தேன்.

மாங்காய்க் காலம்

ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. தேசம்மா மாங்காய்க் காலத்தில் சித்தூர் ரோட்டில் உள்ள மாம்பழக்கூழ் ஃபாக்டரிக்குப் பழம் வெட்ட வருவார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஈ. புளித்த வாசனை. மதிய இடைவேளையில், கை முழங்கை வரை மஞ்சளாக, வேப்பமரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், தலைவர் வரலியா? அவரு வந்தா காருல வருவாரு. நீங்க மட்டும் பஸ்ஸுக்கு நின்னுக்கினு வர்றீங்க. துன்னுட்டீங்களா?”

“ஆச்சும்மா. ஒண்ணு கேக்கணும். எல்லா ஊர்லயும் போத்துராஜாவுக்கு ஆடு வெட்டுவாங்க. ரத்தம் இல்லாம அவர் அடங்க மாட்டார்னுதான் நான் படிச்சது. உங்க ஊர்ல ஏன் வெறும் தண்ணி?”

“அவரு ஆடு கேக்கல. தண்ணிதான கேட்டாரு.”

“எப்ப கேட்டார்?”

பக்கத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“விழுந்தப்போதான். பின்ன எப்போ? தங்கச்சிங்க ஏழு பேரும் கப்பலோட மலையில போயி மோதிட்டாங்கோ. இவரு மட்டும் தனியா வெள்ளத் துணியப் புடிச்சிக்கினு எறங்கினாரு. மரத்துல மாட்டிக்கினாரு. விடிஞ்சு ஆடு ஓட்டிக்கினு போன எங்க வூட்டு மருமவ ஒருத்தி பாத்துகீறா. வயித்துல அடியாம். எறக்கிப் பாறையில போட்டு, கையச் சாடை காட்டினாரேன்னு தண்ணி குடுத்துகீறா. ரெண்டு மொடக்கு குடிச்சாரு. மலைய ஒரு தரம் திரும்பிப் பாத்தாரு. அவ்ளோதான். அதுலேர்ந்து எங்க வூட்டு மருமவதான் தண்ணி ஊத்தணும். பொண்ணுங்க ஊத்தக் கூடாது, மருமவ.”

“இதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே.”

“வருஷா வருஷம் செஞ்சு காட்டிக்கினுதான கீறோம். கோவிந்து எதுக்கோசரம் பாறையில பொரள்றான்? ஒங்க தலைவரு டிராமான்னு சிரிச்சாரு. நானும் பாத்தேன். சாமி கும்புடற நேரத்துல யாருகிட்டச் சண்ட போடறது?”

“சரி. ஏழு பேர் பொண்ணு, இவர் மட்டும் ஆம்பளன்னு எப்படித் தெரிஞ்சுதாம்?”

“மீசை சார்.” இதைக்கூடவா கேட்பார்கள் என்ற தொனி. “அந்தக் காலத்துல மீசை இல்லாத ஆம்பள ஏது? ஏழு பேரு மூஞ்சியும் மஞ்சப் பூசின மாதிரி மழமழன்னு இருந்துச்சாம். தலமுடி சோளக் கதிர் மாதிரி. வயசும் சின்ன வயசு. பொண்ணுங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இவருக்கு மட்டும் இந்தா மொத்தம் மீச. வயசுப் பொண்ணுங்க ஏழு பேரத் தனியா அனுப்புவாங்களா? தொணைக்கு அண்ணன் வந்துகீறாரு.”

புதைத்தவர்கள் உடையைத் தளர்த்திப் பார்த்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். பார்க்கவில்லை. அந்நிய வீட்டுப் பெண்களைத் தொட்டுச் சோதிப்பது பாவம் என்று, போர்த்தியிருந்தபடியே புதைத்தார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது பெண் என்று வைத்துக்கொண்டு, அதனாலேயே கூடுதல் மரியாதை காட்டிய ஊரை நான் படித்த எந்தப் போர் வரலாற்றிலும் சந்தித்ததில்லை.

“துணி வருஷா வருஷம் மாத்துறோம்” என்றார் தேசம்மா. “கட்டற கயிறு மட்டும் அவரோடது. மெல்லிசுதான், இன்னிக்கும் அறுக்க முடியாது.”

கைபேசியில் புகைப்படத்தை எடுத்து நீட்டினேன். மஞ்சள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் ஏழு பேரைப் பார்த்தார்.

“பேன்ட்டு போட்டுக்கினு கீறாங்கோ” என்றார் அதிருப்தியாக. பிறகு விரல் கோடிக்குப் போய் நின்றது. “அட, நம்மாளு.”

ஆச்சரியம் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரை ரேஷன் கடை வரிசையில் பார்த்தது போலச் சொன்னார்.

“யாரு குடுத்தாங்க இத?”

“அவர் பொண்ணு.”

“போத்துராஜாவுக்குப் பொண்ணா?” சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற பெண்களும் நிமிர்ந்தார்கள். “கல்யாணம் ஆனவரா இவரு? ஆயிரம் பேரு அவரைக் கட்டப் பிரம்மச்சாரின்னு கும்புட்டுக்கினு கீறோம். சரி, அது கெடக்கட்டும். அந்தப் பொண்ணு இத்தினி வருஷம் ஏன் வரல?”

“இங்கதான் இருக்கார்னு தெரியாது. உயிரோட எங்கயாவது இருந்துக்கிட்டே வரலையோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க.”

தேசம்மா கொஞ்ச நேரம் புகைப்படத்தையே பார்த்தார்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்போமே” என்றார்.

ஒன்பதாவது ஆள்

டோரதிக்கு எழுதினேன். சேலை, வளையல் எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார் என்று பட்டது. உங்கள் அப்பா இறங்கிய மறுநாள் காலையிலேயே இறந்துவிட்டார், ஒரு பெண் தண்ணீர் கொடுத்தார், அந்தத் தண்ணீரை இன்றுவரை நிறுத்தவில்லை என்று எழுதினேன். கல்லின் படத்தையும் அனுப்பினேன்.

பதில் உடனே வரவில்லை. வந்தபோது மிகச் சிறியதாக இருந்தது. “அந்தக் கல்லை யார் பார்த்தாலும் அப்பா என்று சொல்வார்கள். அம்மாவும் சொல்லியிருப்பார். அவரை அங்கிருந்து எடுத்துப் போக வேண்டாம்.” கீழே ஒரு வரி: அந்த ஏழு பேருடைய குடும்பங்களுக்குச் சேலை விஷயத்தைச் சொல்லும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொள்வதாகவும், நெடுநாளைக்குப் பிறகு தமக்கு ஒரு சுவாரசியமான வேலை கிடைத்திருப்பதாகவும்.

சம்பந்தப்பட்ட வெளிநாட்டு அலுவலகத்துக்கும் தகவல் கொடுத்திருக்கிறேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அவர்களுக்கும் காலம் கிடையாது போலிருக்கிறது.

மன்றத்தில் எல்லாவற்றையும் வைத்தேன். எட்டுக் கல், எட்டுப் பேர், மீசை, பாராசூட் கயிறு. முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டார். நெற்றியைத் தடவினார்.

“அப்ப காளஹஸ்தியில இருக்கறது யாரு?”

“அது விமானத்துல வந்தவர் இல்ல, சார்.”

“எப்படிச் சொல்றீங்க? எட்டுப் பேருன்னு எழுதினவன் சரியா எழுதினான்னு என்ன ப்ரூஃப்? நாப்பது வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்தவன் சொல்றேன், எழுதினதெல்லாம் நிஜம் இல்லீங்க.” குரலை உயர்த்தினார். “அந்த விமானத்துல ஒன்பது பேர் இருந்திருக்கணும்.”

தீர்மானம் நிறைவேறியது. மண்டபத்துக்கு மார்பிள் வந்து இறங்கிவிட்டது. இனி ஒன்பதாவது ஆள் பிறந்தே தீர வேண்டும்.

மறுபடியும் அந்தப் பாறை

அந்த ஆடிக்கு டோரதி வர முடியவில்லை. மருத்துவர் அனுமதிக்கவில்லை. பார்க்கவாவது முடியுமா என்று கேட்டார். தேசம்மாவிடம் சொன்னேன்.

“போன்ல பாக்கட்டும். ஆனா முன்னாடி நிக்கச் சொல்லுங்க. சாமியோட பொண்ணு, கூட்டத்துக்குப் பின்னாடி நிக்கலாமா?”

டோரதியை என் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். முதல் மரியாதை கேட்டு வந்திருந்த ஊர்ப் பெரியவர்களின் பேரன்கள், ஒரு கைபேசிக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. திரையில் நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, பின்னால் ஜன்னலில் மழை. இங்கே பாறை சுட்டது. மரத்தில் வெள்ளைத் துணி. அதைக் கட்டியிருந்த கயிற்றை நான் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று பின்னியிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கயிற்றையும் அப்படிப் பின்னுவதில்லை.

கல்லின் மீசைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்துத் திருத்தி, நுனியை இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தார்கள்.

கோவிந்து படுத்தான். அவனுக்கு விஷயம் தெரியும். சீமையிலிருந்து ஓர் அம்மா பார்க்கிறார் என்றால், ஷேர் ஆட்டோக்காரனாக இருந்தாலும் நடிகன் விழித்துக்கொள்கிறான். முனகினான். காலை உதைத்தான். ஒரு கையைக் காற்றில் தூக்கி விரல்களை விரித்தான். தேசம்மா பானையைச் சாய்த்தார். இரண்டு மிடறு குடிக்க வேண்டியவன் குடித்துக்கொண்டே இருந்தான். ஓரக் கண்ணால் கைபேசியைப் பார்த்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். பம்பைக்காரர் அடிக்கக் குச்சியை ஓங்கியபடி நின்றார். பெண்கள் குலவைக்கு வாய் எடுத்து, மூடிக்கொண்டார்கள்.

திரையில் டோரதி அசையவில்லை. கண்ணாடிக்கு அருகே ஒரு கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

தேசம்மா பானையை நிமிர்த்தினார். குனிந்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார். எனக்குக் கேட்டது.

“சாவுடா கோவிந்து. அந்தம்மா எவ்ளோ காலம்தான் காத்துக்கினு இருக்கும்.”

கோவிந்து வாயை மூடினான். மலைப்பக்கம் தலையைத் திருப்பினான்.

தேசம்மா என்ன சொன்னார் என்று டோரதி என்னிடம் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.